மடத்துக்குச் சொந்தமான ஊரில் குடியானவருக்கு என்ன சொந்தம்? ப்ரோப்ஸ்டை வட்டாரத்தின் 600 ஆண்டுகள்

ஜெர்மனியின் வடகோடியில், கீல் நகருக்குக் கிழக்கே பால்டிக் கடலோரமாகப் போகிறவர்கள் ஷோன்பெர்க் கடற்கரையில் இரண்டு பெயர்ப்பலகைகளைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். ஒன்றில் கலிஃபோர்னியன், அடுத்ததில் ப்ராசிலியன். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். உண்மையில் விளக்கம் தேவைப்படும் பெயர் அந்த வட்டாரத்தின் பெயர்தான்: ப்ரோப்ஸ்டை. ஒரு மடத்தின் வெளி நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு ப்ரோப்ஸ்ட் என்று பெயர். அவருடைய ஆளுகைக்கு உட்பட்ட பகுதி ப்ரோப்ஸ்டை. ஏறத்தாழ இருபது விவசாயச் சிற்றூர்கள் அடங்கிய இந்த நிலப்பகுதி, ப்ரேட்ஸ் என்ற ஊரிலிருந்த பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்துக்கு 600 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்தமாக இருந்தது.

இதைப் படிக்கும் எவருக்கும் இரண்டு குழப்பங்கள் வரும். ஊரே மடத்துக்குச் சொந்தம் என்றால் ஊர்மக்கள் மடத்தின் அடிமைகளா? துறவு மடங்களை ஏற்காத லூதரின் மதச் சீர்திருத்தம் வேரூன்றிய வடஜெர்மனியில் ஒரு கன்னியர் மடம் எப்படித் தன் ஊர்களோடு தப்பிப் பிழைத்தது? இரண்டுக்கும் விடை "சொந்தம்" என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

## "சொந்தம்" என்பது ஒரே உரிமை அல்ல

இன்று ஒரு நிலம் நம்முடையது என்றால் பத்திரம் நம் பெயரில் இருக்கிறது, விற்கலாம், வேலி போடலாம் என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் நிலத்தின் மேல் இருந்தது ஒரே உரிமை அல்ல, உரிமைகளின் ஒரு கட்டு. அந்தக் கட்டைப் பிரித்து வெவ்வேறு கைகளில் வைத்திருக்க முடிந்தது. ஒரு சிற்றூரின் மீது மேலாண்மை செலுத்தியவருக்குப் பொதுவாக இருந்தவை இவை:

1. நில வாடகை. உழுகிறவர் ஆண்டுதோறும் தானியமாகவோ கோழியாகவோ பணமாகவோ கொடுத்தது. பண்ணை தந்தையிடமிருந்து மகனுக்கு மாறும்போது தனியாக ஒரு கட்டணமும் உண்டு.
2. தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒன்று. கொள்கையளவில் திருச்சபைக்கு உரியது. நடைமுறையில் இதை விற்றார்கள், அடகு வைத்தார்கள், கைமாற்றினார்கள்.
3. உடலுழைப்பு. மேலாளரின் சொந்த வயலில் உழுவது, அறுப்பது, வண்டியோட்டுவது.
4. நீதி வழங்கும் அதிகாரம். சிறு தகராறுகளிலிருந்து, சில இடங்களில் மரண தண்டனை வரைக்கும்.
5. கட்டாய உரிமைகள். குறிப்பிட்ட மாவு ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்பது போன்றவை.

இந்த ஐந்தில் எது எவ்வளவு என்பதுதான் ஒரு குடியானவரின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. முதல் இரண்டு மட்டும் கனமாக இருந்தால் அவர் வாடகை கொடுக்கும் மனிதர். மூன்றாவதும் நான்காவதும் ஒரே கையில் குவிந்தால் அவர் கிட்டத்தட்ட அடிமை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ப்ரோப்ஸ்டையின் கதை தெளிவாகப் புரியும்.

## நிலம் கன்னியர் கைக்கு வந்த வழி

மடம் வருவதற்கு முன் இந்தக் கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் ஜெர்மானியர் அல்லர். வாக்ரியர் என்ற ஸ்லாவிய மக்கள். ப்ரேட்ஸ் என்ற பெயரே "ஆற்றின் ஓரம்" என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. ஷ்வென்டினே ஆறு அந்த ஊரை ஒட்டி ஓடுகிறது. பாஸ்ஸாடே, க்ரோகாவ் போன்ற ஊர்ப் பெயர்களிலும் ஸ்லாவியச் சாயல் இன்னும் ஒட்டியிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹோல்ஸ்டைன் என்ற சிற்றரசின் பிரபுக்கள் இப்பகுதியைக் கைப்பற்றி மேற்கிலிருந்து குடியேறிகளை அழைத்துவந்தார்கள். ஃபீஃப்பெர்கென் (ஐந்து மேடு), லுட்டர்பேக் (தெளிந்த ஓடை) போன்ற கீழ்ஜெர்மன் பெயர்கள் அப்படி வந்து சேர்ந்தவை. ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே யார் முன்னால் இருந்தார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

1211இல், டென்மார்க் அரசரின் சார்பில் ஹோல்ஸ்டைனை ஆண்டுவந்த ஓர்லாமுண்டே பிரபு ஆல்ப்ரெக்ட் இந்தக் கன்னியர் மடத்தை நிறுவினார். அடுத்து அதிகாரத்துக்கு வந்த நான்காம் அடால்ஃப், 1226இல் கடலோர நிலப்பரப்பை மடத்துக்கு உறுதி செய்தார். மறு ஆண்டு, 1227 ஜூலை 22 அன்று, போர்ன்ஹோவெட் போரில் இதே அடால்ஃப் டென்மார்க் அரசர் இரண்டாம் வால்டெமாரைத் தோற்கடித்தார். பிற்காலத்தில் 1239இல் அவரே துறவு பூண்டு பிரான்சிஸ்கன் துறவியானார். மடம் சில இடங்கள் மாறி, 1260ஐ ஒட்டி ப்ரேட்ஸில் நிலைகொண்டது.

ஒரு பிரபு ஏன் இவ்வளவு நிலத்தைக் கன்னியருக்குக் கொடுக்க வேண்டும்? தன் ஆன்மாவுக்காக இடைவிடாமல் பிரார்த்தனை நடக்கும் என்ற நம்பிக்கை ஒரு காரணம். அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது; அந்தக் காலத்து மனிதர்கள் அதை மனமார நம்பினார்கள். இன்னொரு காரணம் மிகவும் நடைமுறை சார்ந்தது. பாதி காடும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தில் வருமானம் வர வேண்டுமானால் யாராவது மரம் வெட்டி, வேர் பிடுங்கி, வாய்க்கால் வெட்டி, குடியேற்ற வேண்டும். மடம் அதைச் செய்தது. 13ஆம் நூற்றாண்டில் மடத்தின் ப்ரோப்ஸ்டுகள்தான் இங்கே குடியேற்றத்தை முன்னின்று நடத்தினார்கள்.

காட்டைத் திருத்த வருகிறவரை வெறுங்கையோடு அழைக்க முடியாது. பரம்பரையாக உழும் உரிமை, நிர்ணயிக்கப்பட்ட வாடகை என்று ஏதாவது உறுதி கொடுத்தால்தான் வருவார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த முதல் உடன்பாடு ஓர் அடித்தளம்.

## ஊருக்குள் யார் யார்

மடத்துக்குச் சொந்தமான ஊர் என்றதும் எல்லோரும் ஒரே நிலையில் இருந்திருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஊருக்குள்ளேயே தெளிவான அடுக்குகள் இருந்தன.

மேலே ஹூஃப்னர். ஒரு ஹூஃபே என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். அதன் பரப்பு ஊருக்கு ஊர் மாறும். அடுத்து அரை ஹூஃபே வைத்திருந்தவர்கள். அதற்குக் கீழே குடிசையும் சிறு தோட்டமும் மட்டுமே உள்ள கேட்னர். இவர்களில் பலர் தச்சர், தையற்காரர், நெசவாளர். கடைசியில் சொந்தக் கூரைகூட இல்லாமல் பிறர் வீட்டில் குடியிருந்து கூலிக்கு உழைத்த இன்ஸ்டென். ஹூஃப்னர்களில் ஒருவர் ஊர்த்தலைவராக, பௌவர்ஃபோக்ட் என்ற பெயரில், மடத்துக்கும் ஊருக்கும் நடுவே நின்றார். வாடகை வசூல் ஒழுங்காக நடக்கிறதா என்று மடத்துக்குப் பதில் சொல்வதும், "இந்த ஆண்டு மழையில் எல்லாம் போயிற்று" என்று ஊருக்காகப் பேசுவதும் ஒரே மனிதரின் வேலை.

ஒரு ஹூஃப்னர் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் இந்த வாழ்க்கை இன்னும் நன்றாகப் புலப்படும். வட ஜெர்மனியின் ஹாலென்ஹவுஸ் என்ற வகை வீடு அது. வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே போகும் அளவுக்குப் பெரிய வாசற்கதவு. நடுவே நீளமான களம்; மழைக்காலத்தில் கதிரடித்ததும் அங்கேதான். இருபுறமும் மாடுகளும் குதிரைகளும் முகத்தைக் களத்தின் பக்கம் நீட்டி நிற்கும். களத்தின் கோடியில் அடுப்பு. அதற்கு அப்பால் குடும்பம் வாழும் பகுதி. புகைபோக்கி கிடையாது, புகை மேலே ஏறி, பரணில் அடுக்கிய கதிர்களை உலர்த்தி, உத்தரத்தில் தொங்கும் பன்றித் தொடைகளைப் பதப்படுத்தி, கூரை வழியே வெளியேறும். அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு மனிதர், மாடு, தானியம் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். மடத்தின் வாடகைக்கான தானியமும் அதே பரணில்தான் கிடந்தது.

பண்ணை பிரிக்கப்படாமல் ஒரே வாரிசுக்குப் போயிற்று. இதில் மடத்துக்கும் அக்கறை உண்டு: துண்டு துண்டானால் வாடகை வசூலிப்பது கடினம். மற்றப் பிள்ளைகள் கைத்தொழிலுக்கோ கடலுக்கோ கூலிவேலைக்கோ போனார்கள். பண்ணையை ஒப்படைத்த முதிய பெற்றோருக்கு ஆல்டென்டைல் என்ற ஏற்பாடு இருந்தது. தங்க ஓர் இடம், இத்தனை அளவு ரை தானியம், பால், விறகு என்று ஒப்பந்தமாகவே எழுதிவைப்பார்கள். பெற்ற மகனிடமே எழுத்தில் வாங்கிக்கொள்வது நமக்கு மனம் கூசச் செய்யலாம். ஆனால் நிலம் கைமாறிய பிறகு முதியவர்கள் கையேந்தாமல் இருக்க அந்த ஊர்கள் கண்டறிந்த வழி அதுதான். அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வயலில் மூன்று பகுதிச் சுழற்சி நடந்தது: ஒன்றில் குளிர்காலப் பயிர், ஒன்றில் கோடைப்பயிர், ஒன்று தரிசு. ஒவ்வொருவரின் நிலமும் நீண்ட கீற்றுகளாகப் பிறருடைய கீற்றுகளோடு கலந்து கிடந்ததால், எல்லோரும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் அறுக்க வேண்டியிருந்தது. இதனால் ஊர்க் கூட்டம் என்பது சடங்கு அல்ல. அது கூடாவிட்டால் விவசாயமே நடக்காது. கூடிப் பேசி முடிவெடுக்கும் இந்தப் பழக்கம் மடத்தோடு வாதாடும்போதும் கைகொடுத்தது.

## எல்லைக்கு அப்பால் வேறு உலகம்

16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பிய நகரங்கள் பெருகின. தானிய விலை ஏறியது. ஆம்ஸ்டர்டாம் போன்ற சந்தைகளுக்குத் தானியம் அனுப்பினால் நல்ல லாபம். கிழக்கு ஹோல்ஸ்டைனின் பிரபுக்கள் கணக்குப் போட்டார்கள்: குடியானவர் தரும் நிர்ணயித்த வாடகையைவிட, அவருடைய நிலத்தையே எடுத்துக்கொண்டு தாமே பயிரிட்டால் வருமானம் பல மடங்கு. ஆனால் பயிரிட ஆள் வேண்டும். கூலி கொடுத்தால் லாபம் குறையும்.

1524இல் டென்மார்க் அரசர் முதலாம் ஃப்ரெடெரிக் பிரபுக்களுக்கு, அவர்களுடைய குடியானவர்கள் மீது உயிர்த் தண்டனை வரையிலான நீதி அதிகாரத்தை வழங்கினார். அதன் பிறகு மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது உரிமைகள் ஒரே கையில் சேர்ந்தன. விளைவு: லைபைகென்ஷாஃப்ட், அதாவது பண்ணையடிமை முறை. அனுமதியின்றி ஊரை விட்டுப் போகக் கூடாது. அனுமதியின்றித் திருமணம் செய்யக் கூடாது. வாரத்தில் பல நாட்கள் ஆளும் குதிரையும் பிரபுவின் வயலில். தேவைப்பட்டால் முழுச் சிற்றூரையே கலைத்து நிலத்தைப் பண்ணையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த அதிகாரம் எங்கே வரை போகும் என்பதற்கு ப்ரோப்ஸ்டையின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஷ்மோல் பண்ணை ஓர் உதாரணம். 1686இல் அதன் பிரபு கிறிஸ்டோஃப் ரான்ட்ஸாவ், தன் பண்ணையில் 18 பேரைச் சூனியக்காரர்கள் என்று சொல்லி எரிக்கச் செய்தார். குற்றம் சாட்டியவரும் நீதிமன்றத்தை நடத்தியவரும் அந்த மக்களின் முதலாளியும் ஒருவரே.

எல்லைக்கு இந்தப் பக்கம், ப்ரோப்ஸ்டையின் குடியானவர்கள் பண்ணையடிமைகள் ஆகவில்லை. இத்தனைக்கும் மடத்துக் கன்னியர் பெரும்பாலும் அதே பிரபு குடும்பங்களின் மகள்கள். அண்ணன் தன் பண்ணையில் குடியானவரை அடிமையாக வைத்திருக்கிறான். தங்கை இருக்கும் மடம் வாடகை வாங்கிக்கொண்டு குடியானவரை விட்டுவிடுகிறது. இரக்கம்தான் காரணம் என்றால் கதை எளிதாக முடிந்துவிடும். நான் காண்கிற காரணங்கள் வேறு:

1. மடத்துக்கு வேண்டியது தானியம், ஆள் அல்ல. கன்னியரின் சமையலறைக்கும் பராமரிப்புக்கும் சீரான வரத்து தேவை. ப்ரேட்ஸிலிருந்து ஷோன்பெர்க் சுமார் 20 கிலோமீட்டர். அத்தனை தொலைவிலிருந்து தினமும் ஆளையும் குதிரையையும் வயலுக்கு வரவழைப்பது நடக்காத காரியம்.
2. நிறுவனம் சாவதில்லை. பிரபுவுக்கு மகளின் சீதனம், போர்ச் செலவு, கடன் என்று அவசரங்கள் உண்டு. அவன் இறந்தால் நிலம் பங்காகும், அடகு போகும், புதிய எசமான் புதிய கணக்கோடு வருவான். மடத்துக்கு அடுத்த நூறாண்டிலும் அதே வருமானம் வந்தால் போதும்.
3. எழுத்து. மடங்கள் கணக்கு எழுதின. 1484 முதல் 1508 வரை ப்ரேட்ஸ் மடத்தின் தலைவியாக இருந்த அன்னா ஃபோன் புக்வால்ட், வழிபாட்டு முறைகளோடு மடத்தின் நிர்வாகச் செய்திகளையும் பதிந்த கையெழுத்து நூல் ஒன்றை விட்டுச் சென்றார். எழுதப்பட்ட வாடகை மடத்தைக் காத்தது போலவே குடியானவரையும் காத்தது. அதற்கு மேல் கேட்டால் "எங்கே எழுதியிருக்கிறது" என்று கேட்கலாம்.
4. ஊர்கள் தொடர்ச்சியாக இருந்தன. ஒரே மேலாளரின் கீழ், ஒன்றையொன்று ஒட்டி இத்தனை ஊர்கள். ஓர் ஊருக்கு வந்த புதிய சுமை நாளை அடுத்த ஊருக்கும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சேர்ந்து நிற்பது இயல்பாயிற்று.

மடம் என்றாலே மென்மை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. தென் ஜெர்மனியின் கெம்ப்டென் மடத்தின் தலைவர்கள், சுதந்திரமாக இருந்த குடியானவர்களையே அடிமை நிலைக்குத் தள்ள முயன்றார்கள். 1525இன் விவசாயிகள் எழுச்சி அங்கே கொழுந்துவிட்டு எரிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். உரிமையாளர் அணிந்திருந்த உடையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. அவருக்கு அந்த நிலத்திலிருந்து என்ன தேவைப்பட்டது, அதைப் பெற எந்த அதிகாரம் கையிலிருந்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை இன்றும் வரைபடத்தில் காணலாம். ப்ரோப்ஸ்டைக்குள் சில கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சிற்றூர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. எல்லை தாண்டினால் ஊர்கள் அருகிவிடும். அவற்றின் இடத்தில் நீண்ட மரச்சாலையின் முடிவில் ஒரு மாளிகையும் அதைச் சுற்றிப் பரந்த வயல்களும்.

## 1542: மடம் மதம் மாறியது, நிலம் மாறவில்லை

1542இல் ஹோல்ஸ்டைன் அதிகாரப்பூர்வமாக லூத்தரன் ஆயிற்று. பல மடங்களின் சொத்து அரசர் கைக்குப் போனது. ப்ரேட்ஸ், இட்ஸேஹோ, ஊட்டர்ஸென், ஷ்லெஸ்விக் ஆகிய நான்கு ஊர்களின் கன்னியர் மடங்கள் மட்டும் பிரபுக்கள் சபையின் பொறுப்பில் நீடித்தன. காரணம் எளிது: மணமாகாத மகள்களுக்கு மரியாதையான இருப்பிடம் பிரபு குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது. கன்னியர் லூத்தரன் பெண்களாக, நிரந்தரத் துறவு உறுதிமொழி இல்லாமல், விரும்பினால் வெளியேறி மணம் செய்துகொள்ளும் உரிமையோடு தொடர்ந்தார்கள். ப்ரோப்ஸ்ட் என்ற பதவியைப் பிரபு ஒருவர் ஏற்றார்.

லுட்டர்பேக்கின் குடியானவருக்கு இதனால் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மாறியது. வாடகை போய்ச் சேரும் முகவரி மாறவில்லை.

அடுத்த நூற்றாண்டு கொடியது. 1627இல் புனித ரோமப் பேரரசின் படைகளும், 1643இல் ஸ்வீடன் படைகளும் ஹோல்ஸ்டைனுக்குள் புகுந்தன. படை தங்கிய ஊரில் விதைநெல் போல் காத்துவைத்த தானியமும் மிஞ்சாது.

## சொந்தம் கரைந்த விதம்

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. உரிமைக் கட்டு ஒவ்வொரு இழையாக அவிழ்ந்தது.

முதலில் வயல்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹோல்ஸ்டைன் முழுவதும் கலந்து கிடந்த கீற்றுகளை ஒன்றுசேர்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வயல்களாகப் பிரித்தார்கள். எல்லைகளில் மண்மேடு எழுப்பி அதன்மேல் புதர்களையும் மரங்களையும் நட்டார்கள். க்னிக் எனப்படும் இந்த உயிர்வேலிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டுவார்கள். அவை மீண்டும் அடர்ந்து துளிர்க்கும். அந்த நிலப்பரப்பின் அடையாளமே இன்று இவைதான், சட்டப்படி பாதுகாக்கப்படுகின்றன. வேலி வந்ததும் ஒரே நாளில் விதைக்கும் கட்டாயம் போனது. ஊர்க் கூட்டத்தின் பிடியும் தளர்ந்தது. கேட்னருக்கும் இன்ஸ்டெனுக்கும் இதில் இழப்பு அதிகம். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாட்டை விட்டுப் பிழைத்தவருக்கு வேலிக்கு உள்ளே இடமில்லை.

அடுத்து மனிதர்கள். ஹோல்ஸ்டைனிலும் அதற்கு வடக்கே ஒட்டிய ஷ்லெஸ்விக் பகுதியிலும் பண்ணையடிமை முறை 1805 ஜனவரி 1 முதல் ஒழிந்தது. அப்போது ஹோல்ஸ்டைன் டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்தவர்களுக்கு அது ஒரு புதிய வாழ்க்கை. ப்ரோப்ஸ்டைக்காரர்களுக்கு ஏற்கெனவே இருந்த நிலை சட்டமாயிற்று, அவ்வளவே. நூற்றாண்டுகளாகத் தம் உபரி தம்மிடமே தங்கியதன் பலன் 19ஆம் நூற்றாண்டில் தெரிந்தது: விதைக்காகத் தனியாக விளைவித்த ப்ரோப்ஸ்டை ரை தானியம் வட்டாரத்தைத் தாண்டியும் பெயர் பெற்றது. அடுத்தவனின் வயலில் கட்டாயமாக உழைப்பவன் விதையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் செலுத்த மாட்டான். அறுவடை தன் பரணுக்கு வரும் என்று தெரிந்தவனே கதிரைக் கையில் எடுத்து மணி மணியாகப் பார்ப்பான்.

பிறகு நீதி. 1867இல் ப்ரஷ்யா ஷ்லெஸ்விக்கையும் ஹோல்ஸ்டைனையும் இணைத்துக்கொண்டது. மடத்தின் நீதி அதிகாரம் முடிந்து அரசு நீதிமன்றங்கள் வந்தன. ப்ளோன் மாவட்டம் உருவாகி, ப்ரோப்ஸ்டை அதற்குள் அடங்கியது.

அரசு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதை ஊர்கள் சில ஆண்டுகளிலேயே உணர்ந்தன. 1872 நவம்பர் 13 அன்று பால்டிக் கடல் பொங்கிக் கரையோரத் தாழ்நிலங்களுக்குள் புகுந்தது. அந்தக் கடலில் பதிவான மிகப் பெரிய புயல் வெள்ளம் அது. அதன் பிறகு எழுந்த கடற்கரைக் கரைமேடுகள் மடத்தின் பொறுப்பாக இல்லாமல் ப்ரஷ்ய அரசின் காலத்துப் பணியாக அமைந்தன.

கடைசியாக, முதலில் தொடங்கிய இழையான வாடகை. 1873இல் வந்த சட்டம், நிலத்தின் மீதிருந்த நிரந்தரச் சுமைகளைக் குடியானவர்கள் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள வழி செய்தது. ஆண்டு வாடகையைப் பெருக்கி ஒரு மொத்தத் தொகை கணக்கிட்டு, அதை அரசு வங்கி மடத்துக்குக் கொடுக்க, குடியானவர் வங்கிக்குப் பல பத்தாண்டுகள் தவணை கட்டினார். தாத்தாவின் தாத்தா காடு திருத்திய நிலத்தைப் பேரன் தவணையில் வாங்கினான்.

ப்ரேட்ஸ் மடம் இன்றும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் செங்கல் தேவாலயமும் அதைச் சுற்றிய வீடுகளும், தனக்கென நிலமும் காடும் உள்ள ஓர் அறக்கட்டளையாக அது தொடர்கிறது. ப்ரோப்ஸ்ட் என்ற பதவியும் தொடர்கிறது. ப்ரோப்ஸ்டை என்ற பெயரோ இப்போது ஷோன்பெர்க்கிலிருந்து இயங்கும் உள்ளாட்சி ஒன்றியத்தின் பெயர். பிறப்புச் சான்றிதழ், வீடு கட்ட அனுமதி போன்ற வேலைகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் போய் நிற்கும் அலுவலகத்தின் வாசலில் அந்தப் பெயரே எழுதியிருக்கிறது.